இரண்டாவது ஸ்கேன் வரை

சிதம்பரத்திலிருந்து கடலூர் வரும் பஸ் புதுச்சத்திரம் தாண்டிய பிறகுதான் பாத்திமா மேரிக்கு அந்த ஈரம் தெரிந்தது. வேர்வையாக இருக்கும் என்று முதலில் நினைத்தாள். டிசம்பர் மாதச் சாயங்காலம், ஜன்னல் வழியாகக் குளிர்ந்த காற்று வந்துகொண்டிருந்தது. வேர்க்க நியாயமில்லை. அடிவயிற்றில் லேசாக ஓர் இழுப்பு இருந்தது, மாதவிலக்கு வரப்போகும் நாளில் இருப்பதுபோல. கைப்பையை மடியில் வைத்து அழுத்திக்கொண்டு முழங்கால்களைச் சேர்த்து உட்கார்ந்தாள். ஆலப்பாக்கம் வந்தது. காரைக்காடு வந்தது. வேகத்தடைகளில் பஸ் தூக்கிப் போட்டபோதெல்லாம் முன்சீட்டுக் கம்பியைப் பிடித்து உடம்பைத் தூக்கிக்கொண்டாள். எழுந்து நின்று பின்பக்கம் பார்க்கவும் பயம், பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை.

மேரி சிதம்பரத்தில் ஒரு பெண்கள் பள்ளியில் விளையாட்டு ஆசிரியை. கோ-கோ பழக்குகிறவள். ஓர் இடத்தில் ஐந்து நிமிஷம் உட்கார்ந்திருந்தால் ஏதாவது வியாதியா என்று ஆசிரியர் அறையில் கேட்பார்கள். கல்யாணமாகி நான்கு வருடம் கழித்து நாள் தள்ளிப்போயிருந்தது. பள்ளியில் இன்னும் யாரிடமும் சொல்லவில்லை. புருஷன் மரிய அருளுக்கும் மாமியார் சவரியம்மாளுக்கும் மட்டும் தெரியும். அருள் மின்வாரியத்தில் ஒயர்மேன்.

மஞ்சக்குப்பத்தில் அவர்கள் குடியிருந்தது ஒரு மாடிவீடு. மேலே ஆஸ்பெஸ்டாஸ் ஓடு போட்ட கூரை, ஏறி இறங்க வெளிப்பக்கம் படிக்கட்டு. மேரி படியேறி நேராகக் குளியலறைக்குப் போனாள். உள்பாவாடையில் கையகலத்துக்கு ரத்தம். ஓரம் பழுப்பு, நடுவில் சிவப்பு.

"அத்தை" என்று கூப்பிட்டாள்.

சவரியம்மாள் கதவருகே வந்து பார்த்தாள். வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு அவள் கேட்ட முதல் கேள்வி இதுதான்.

"ஓடுனியா?"

மேரி சனிக்கிழமை மைதானத்தில் பிள்ளைகளோடு கொஞ்ச தூரம் ஓடியிருந்தாள். ஒருத்தி திரும்பும்போது கால் வைத்த விதம் தப்பாக இருந்தது, அதைக் காட்டிக்கொடுக்க ஓடினாள். அவ்வளவுதான். ஆனால் ஓடியிருந்தாள்.

அருள் வந்ததும் பைக்கை எடுக்கப் போனான், நடு வழியில் நின்று, திரும்பி ஓடிப்போய் ஆட்டோ பிடித்து வந்தான். ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா உள்ஸ்கேன் எடுத்தார். திரையை அவர் பக்கமே திருப்பி வைத்திருந்தார். அவர் முகத்தில் ஏதாவது தெரிகிறதா என்று மேரி கண் இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"கருவச் சுத்தின பை இருக்கு. உள்ள கருவும் இருக்கு, ரொம்பச் சின்னதா. ஹார்ட் பீட் இன்னும் தெரியல."

"இல்லையா டாக்டர்?"

"தெரியலன்னுதாம்மா சொன்னேன். நீங்க சொல்ற தேதிக்கு இன்னும் கொஞ்சம் பெருசா இருக்கணும். தேதி முன்னப்பின்ன இருக்கலாம். இல்ல, வளர்ச்சி நின்னிருக்கலாம். ரெண்டுல எதுன்னு இன்னிக்கு யாராலயும் சொல்ல முடியாது. முப்பதாந்தேதி வெள்ளிக்கிழமை மறுபடி எடுத்துப் பாப்போம்."

"அதுவரைக்கும் நான் இன்னா செய்யணும்?"

"மாத்திரை எழுதித் தரேன், போடுங்க. பாரம் தூக்காதீங்க, புருஷன் பொண்டாட்டி தள்ளி இருங்க. ஒரு மணி நேரத்துல ஒரு பேட் முழுசா நனைஞ்சா, வலி தாங்க முடியலன்னா, மயக்கம் வந்தா, எந்த நேரமானாலும் வந்துடுங்க. மத்தபடி வூட்ல சாதாரணமா நடக்கலாம், சாப்பிடலாம், குளிக்கலாம்."

"படுத்தே இருக்கணுமா?"

"படுத்துக் கெடந்தா தங்கும், நடந்தா போயிடும்னு எதுவும் கெடையாதும்மா."

இந்தக் கடைசி வாக்கியத்தைச் சவரியம்மாள் ஏற்றுக்கொள்ளவில்லை. ஆட்டோவில் வரும்போதே சொல்லிவிட்டாள். "அவங்க படிச்சவங்க, சொல்லுவாங்க. நீ கட்டிலை வுட்டு எறங்கக் கூடாது." அருள் தலையாட்டினான். ஏதாவது செய்யச் சொன்னால் மேரி செய்யத் தயாராக இருந்தாள். அசையாமல் கிடப்பதுதான் செய்ய வேண்டியது என்றால் அதையும் செய்வாள்.

அடுத்த நாட்களில் அவள் உலகம் கட்டிலுக்கும் குளியலறைக்கும் நடுவே சுருங்கிப்போனது. குளியலறைக்குப் போகாமல் இருக்க முடிந்தவரை அடக்கிக்கொண்டாள். போனால் பார்க்க வேண்டும். பார்த்தால், நேற்றைவிட ஜாஸ்தியா, குறைச்சலா, நிறம் என்ன என்று மனசு கணக்குப் போட ஆரம்பித்துவிடும். பழுப்பாக இருந்தால் பழைய ரத்தம், பயமில்லை என்று யாரோ சொன்ன நினைவு. ஒரு நாள் பழுப்பு. மறுநாள் ஒன்றுமே இல்லை. அன்றைக்குக் காலையில் அவள் இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டாள். மத்தியானம் மறுபடி சிவப்பு.

கால்கள்தான் அவளைப் பாடுபடுத்தின. பழக்கமில்லாத ஓய்வில் கெண்டைச்சதை குடைந்தது. போர்வைக்குள் விரல்களை மடக்கி மடக்கி விரித்தாள். கூரையின் ஆஸ்பெஸ்டாஸ் வரிகளைத் தடகள ஓடுபாதைகளாக நினைத்துக்கொண்டு அதில் கண்ணால் ஓடினாள். பிறகு, நினைப்பிலும் ஓடக்கூடாது என்று பயந்து கண்ணை மூடிக்கொண்டாள். மார்பு கனமாக இருக்கிறதா என்று அடிக்கடி தொட்டுப் பார்த்தாள். குமட்டல் வந்தால் சந்தோஷப்பட்டாள். வராத காலைகளில் வேண்டுமென்றே காபியை முகர்ந்து பார்த்தாள்.

கிறிஸ்துமஸ் வந்தது. கீழ்வீட்டுக் கொளஞ்சியக்கா பாயசம் கொண்டுவந்தாள். வீட்டுச் சொந்தக்காரி அவள்தான், தையல் மெஷின் வைத்திருக்கிறாள். இந்துக் குடும்பம் என்றாலும் வருஷா வருஷம் கிறிஸ்துமஸுக்கு அவள் வீட்டில்தான் முதலில் பாயசம் கொதிக்கும். கட்டிலருகே உட்கார்ந்து, "எங்க நாத்தனாருக்கும் இப்படித்தான் பட்டுது, புள்ள இப்ப பத்தாவது படிக்கிறான்" என்றாள். சவரியம்மாள் அடுப்படியிலிருந்து, "எல்லாம் மாதா கைல இருக்கு. சொல்றதக் கேட்டு முன்னாடியே அந்த ஓட்டமெல்லாம் நிறுத்தியிருந்தா இந்தப் பேச்சே வந்திருக்காது" என்றாள். யாரிடம் சொன்னாள் என்று தெரியாதபடி, கொஞ்சம் சத்தமாக.

அன்றைக்கு அருள் மேரியின் கால்களை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு அமுக்கிவிட்டான்.

"அம்மா பேசுறத மனசுல வெச்சிக்காத."

"அவங்க சொல்றது உண்மையா இருந்தா இன்னா மாமா பண்றது?"

அவன் அவள் காலை அமுக்கிக்கொண்டே இருந்தான்.

வெள்ளிக்கிழமை வந்தால் தெரிந்துவிடும். மேரி அதை மட்டுமே பிடித்துக்கொண்டிருந்தாள். வியாழக்கிழமை மத்தியானம் அருளுக்கு ஆபீசிலிருந்து போன் வந்தது. புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் கரை ஏறப்போகிறது, எல்லோரும் உடனே வர வேண்டும். அவன் மழைக்கோட்டை எடுத்துக்கொண்டு வாசலில் தயங்கி நின்றான்.

"நாளைக்கு ஸ்கேனுக்கு நான் எப்படியாவது வந்துடறேன்."

"வராட்டியும் பரவால்ல. அத்தை இருக்காங்க. நீங்க கம்பத்துல ஏறும்போது பாத்து ஏறுங்க."

வெள்ளிக்கிழமை விடிந்தபோது வானம் வெளுக்கவே இல்லை. காற்று ஊளையிடவில்லை, இரைந்தது. லாரி ஒன்று வீட்டுக்குள்ளேயே ஓடுவதுபோல ஓயாத இரைச்சல். எதிர்வீட்டுத் தென்னை தரையைத் தொட்டுத் தொட்டு எழுந்தது. ஒரு தடவை எழவில்லை. மேலே ஆஸ்பெஸ்டாஸ் படபடத்தது. பிறகு அடுப்படிப் பக்கத்து ஓடு ஒன்று உடைந்து பறந்தது. மழை உள்ளே கொட்டியது.

கீழேயிருந்து கொளஞ்சியக்கா கத்தினாள். "எறங்கி வாங்க! ரெண்டு பேரும் எறங்கி வாங்க!"

சவரியம்மாள் கதவைத் திறந்தாள். காற்று அவளைப் பின்னுக்குத் தள்ளியது. திரும்பிப் பார்த்தால் மேரி கட்டிலில் அப்படியே படுத்திருந்தாள். வயிற்றின்மேல் இரண்டு கையும்.

"வாடி!"

"படி எறங்கக் கூடாதுன்னீங்களே."

"அட, ஓடு தலைல வுழுந்தா உசிரே போயிடும்டி, எழுந்திரி!"

"நான் எறங்க மாட்டேன் அத்தை. இன்னிக்குத்தான் ஸ்கேன். இத்தினி நாள் அசையாம இருந்துட்டேன்."

சொல்லும்போதே அது பைத்தியக்காரத்தனம் என்று அவளுக்குத் தெரிந்தது. ஆனாலும் உடம்பு எழவில்லை. காலைக் கீழே வைத்தால் எல்லாம் முடிந்துவிடும் என்று அது நம்பிவிட்டிருந்தது. இரண்டாவது ஓடு உடைந்து கட்டிலுக்கு ஒரு முழம் தள்ளி விழுந்து தெறித்தது. சவரியம்மாள் மருமகளின் இரண்டு தோள்களையும் பிடித்துத் தூக்கி உட்காரவைத்தாள். அந்த ஒல்லி உடம்பில் அவ்வளவு பலம் எங்கிருந்தது என்று மேரி பிறகு பல தடவை நினைத்ததுண்டு.

நின்றபடி இறங்க முடியாத காற்று. படிக்கட்டில் உட்கார்ந்தாள் மேரி. ஒரு படி, பிறகு அடுத்த படி என்று உட்கார்ந்தபடியே நகர்ந்தாள். முன்னால் மாமியார், காற்றுக்கு முதுகைக் கொடுத்துக்கொண்டு, "மரியே வாழ்க, மரியே வாழ்க" என்று, ஜெபத்தின் அடுத்த வரிக்குப் போகாமல் அந்த இரண்டு சொல்லையே சொல்லிக்கொண்டு இறங்கினாள். நனைந்த சிமெண்டில் மேரியின் தொடைக்கடியில் ஓடிய தண்ணீர் மழைத் தண்ணீர்தானா என்று அவள் குனிந்து பார்த்தாள். மழைத் தண்ணீர்தான்.

புயல் ஓய்ந்து வெளியே வந்தபோது தெருவே அடையாளம் தெரியவில்லை. மரங்கள் குறுக்கும் நெடுக்குமாகக் கிடந்தன. மின்கம்பங்கள் முறிந்து கம்பிகள் சேற்றில் சுருண்டு கிடந்தன. தேவனாம்பட்டினத்தில் படகுகள் தூக்கி எறியப்பட்டதாகவும், பண்ருட்டிப் பக்கம் முந்திரியும் பலாவும் வேரோடு போய்விட்டதாகவும் சொன்னார்கள். செல்போனில் சிக்னல் இல்லை. குழாயில் தண்ணீர் இல்லை. கொளஞ்சியக்கா வீட்டு முன்னறையில் ஒரு பாயில் மேரி படுத்திருந்தாள். ரத்தம் நிற்கவும் இல்லை, கூடவும் இல்லை. பேட் வாங்க கடை திறக்கவில்லை. கொளஞ்சியக்கா பழைய பருத்திச் சேலையைக் கிழித்து மடித்துக் கொடுத்தாள்.

இரண்டு நாள் கழித்து அருள் வந்தான். முகமெல்லாம் சிராய்ப்பு. சாப்பிட உட்கார்ந்தவன் தட்டில் கை வைத்தபடியே தூங்கிவிழுந்தான். உசுப்பியதும் நிமிர்ந்து, "ஆஸ்பத்திரியில போய்க் கேட்டேன் மேரி. ஜெனரேட்டர் ஆபரேஷனுக்கு மட்டும்தான் ஓடுதாம். டீசல் கெடைக்கல. ஸ்கேன் மெஷின் போடலயாம். கரண்ட் வந்ததும் வரச் சொன்னாங்க" என்றான்.

"கரண்ட் எப்ப வரும்?"

அவன் அவளைப் பார்த்தான். ஊரில் எல்லோரும் அவனிடம் கேட்ட கேள்வி அது. வழியில் ஒரு கிழவர் சட்டையைப் பிடித்துக் கேட்டிருந்தார்.

"தெரியல மேரி. கம்பமே இல்ல. நட்டாத்தானே கம்பி இழுக்க."

மறுநாள் அவன் கிளம்பும்போது, இனி கொஞ்ச நாள் ஆலப்பாக்கம் பக்கம்தான் வேலை, அங்கேயே ஒரு பள்ளிக்கூடத்தில் தங்கச் சொல்லியிருக்கிறார்கள் என்றான்.

மேரி காத்திருந்தாள். அந்த வாரத்தில் கடலூரே காத்திருந்தது. தண்ணீர் லாரிக்கு, மெழுகுவத்திக்கு, போன் சிக்னலுக்கு. அவர்கள் வரிசையில் நின்றார்கள், சண்டை போட்டார்கள், கலெக்டர் ஆபீஸ் பக்கம் போய்க் கத்தினார்கள். அவள் பாயில் கிடந்தாள். உள்ளே இருப்பது உயிரா, உயிரில்லாததா? இரண்டில் எதற்காக ஜெபிப்பது? உயிரோடு இருந்தால் அதோடு பேச ஆசை. இல்லாததோடு பேசிக்கொண்டிருந்தால்? வயிற்றின்மேல் கையை வைப்பாள், எடுப்பாள், வைப்பாள். ஒரு நாள் காலையில் குமட்டல் இல்லை. அடுத்த நாளும் இல்லை. மார்பின் கனம் குறைந்ததுபோல இருந்தது. யாரிடமும் சொல்லவில்லை.

சிதம்பரத்தில் சில தெருக்களுக்குக் கரண்ட் வந்துவிட்டதாகக் கொளஞ்சியக்காவின் சொந்தக்காரர் ஒருவர் வந்து சொன்னார். அங்கே காற்று அவ்வளவு இல்லையாம். பஸ்ஸும் ஓடுகிறதாம்.

மேரி எழுந்தாள். தலை வாரினாள். பழைய ஸ்கேன் ரிப்போர்ட்டைப் பையில் வைத்தாள்.

"எங்க கெளம்பிட்ட?" என்றாள் சவரியம்மாள்.

"சிதம்பரத்துக்கு. ஸ்கேன் எடுக்க."

"பஸ்லயா? ரோடெல்லாம் மரம் கெடக்குது. குலுக்கிப் போட்டா?"

"போட்டும்."

"அருளு வரட்டும்டி."

"அவரு எப்ப வருவாரு, கரண்ட் எப்ப வரும், யாருக்கும் தெரியாது. என்னால இனிமே முடியாது அத்தை. இருக்குன்னா இருக்கட்டும். இல்லன்னா இல்லன்னு சொல்லிடட்டும். இப்படி நடுவுல கெடக்க முடியாது."

சவரியம்மாள் கொடியிலிருந்து தன் சேலையை எடுத்தாள். "இரு, நானும் வரேன்."

பஸ் ஊர்ந்து ஊர்ந்து போனது. அறுத்துப் போட்ட மரத்துண்டுகளுக்கு நடுவே ஒரு வண்டி போகும் அளவுக்குத்தான் வழி. குலுங்கியபோதெல்லாம் சவரியம்மாளின் கை மேரியின் முழங்காலை இறுக்கிப் பிடித்தது. மேரி முன்சீட்டுக் கம்பியைப் பிடிக்கவில்லை. நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள்.

சிதம்பரத்தில் அவள் பள்ளிக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு சின்ன ஆஸ்பத்திரி. அங்கே ஸ்கேன் எடுத்தவர் மேரியைவிட ஐந்தாறு வயது மூத்த லேடி டாக்டர். மாமியார் உள்ளே வரலாமா என்று கேட்டாள் மேரி. வரட்டும் என்றார். இந்த டாக்டர் திரையை மறைக்கவில்லை. கறுப்புக்குள் ஒரு சின்ன வெள்ளை. அதன் இரண்டு ஓரத்திலும் குறி வைத்து அளந்தார். மறுபடி அளந்தார். பழைய ரிப்போர்ட்டை எடுத்துப் படித்தார். பிறகு கருவியை எடுத்து வைத்துவிட்டு, மேரியை எழுந்து உட்காரச் சொல்லி, எதிரில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

"பாத்திமா மேரி. மனசக் கொஞ்சம் கெட்டியா வெச்சிக்கோங்க. துடிப்பு இல்ல."

மேரி தலையை ஆட்டினாள். அவளுக்கு முதலில் வந்தது அழுகை இல்லை. நெடுநேரம் தம் பிடித்திருந்துவிட்டு மூச்சு விடுவதுபோல ஒன்று. அது வந்ததற்காக அவளுக்கு உடனே வெட்கமாக இருந்தது. அழுகை அதற்குப் பிறகுதான் வந்தது.

சவரியம்மாள் சேலை முந்தானையை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டிருந்தாள்.

"படி எறங்குனேன் டாக்டர்" என்றாள் மேரி. "புயல் அன்னிக்கு. உக்காந்துதான் எறங்குனேன். பயத்துல ஒடம்பெல்லாம் அதிர்ந்துது."

"அதனால இல்ல."

"இன்னிக்கு பஸ்ல வந்தேன்."

"அதனாலயும் இல்ல. இங்க பாருங்க." பழைய ரிப்போர்ட்டையும் திரையையும் காட்டினார். "அன்னிக்கு இருந்த அளவுதான் இன்னிக்கும் இருக்கு. ஒரு பொட்டு வளரல. அன்னிக்கே உங்க தேதிக்கு ஒரு வாரம் சின்னதா இருந்திருக்கு. அப்படின்னா, நீங்க பஸ்ல ரத்தம் பாத்தீங்களே, அதுக்கும் முன்னாடியே இது நின்னுருக்கணும். நின்னதாலதான் ரத்தம் வந்திருக்கு. ரத்தம் வந்ததால நிக்கல."

"நான் பி.டி. மிஸ். அதுக்கு முந்தின சனிக்கிழம பிள்ளைங்களோட ஓடுனேன்."

"ஓடுனா கரு கலையாதும்மா. படி எறங்குனா கலையாது. ஆரம்பத்துல போறது முக்காவாசி, கரு உண்டாகும்போதே அதுல இருக்கிற குறையாலதான் போகுது. அத நீங்க கொடுக்கவும் இல்ல, உங்களால தடுத்திருக்கவும் முடியாது."

அப்போது சவரியம்மாள் முந்தானையை வாயிலிருந்து எடுத்தாள்.

"கொடம் தூக்குனா?"

டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். "யாரு, இவங்க கொடம் தூக்குனாங்களா?"

"இவ இல்ல. நானு." சவரியம்மாளின் குரல் கீழே போய்விட்டது. "அருளுக்கு மின்னாடி ஒண்ணு. மூணு மாசத்துல. கொழாயடிலேர்ந்து கொடம் தூக்கினு வந்தேன், அன்னிக்குத்தான் பட்டுது. எங்க மாமியார் தெருவே கேக்கச் சொன்னாங்க, கொடத்தத் தூக்கிப் புள்ளயக் கொன்னுட்டான்னு. முப்பது வருசமாச்சு. கோயில்ல சாமியாராண்ட போயி, என் பாவம்னு எத்தினி தபா பாவசங்கீர்த்தனம் பண்ணியிருப்பேன்."

மேரி திரும்பி மாமியாரைப் பார்த்தாள். நான்கு வருடம் ஒரே அடுப்படியில் புழங்கியும் இது அவளுக்குத் தெரியாது. அருளுக்கும் தெரியாது.

டாக்டர் எழுந்து வந்து சவரியம்மாளின் பக்கத்தில் நின்றார். "உங்களுக்கு இன்னா ஆச்சுன்னு நான் பாக்கல. ஆனா கொடத்தாலயா இருக்காதும்மா. இந்த ஊர்ல கொடம் தூக்காம புள்ள பெத்தவங்க யாரு?"

சவரியம்மாள் அழுதாள். சத்தம் போட்டு அழுதாள். வெளியே உட்கார்ந்திருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். மேரி இறங்கிப்போய் அவள் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். யார் யாருக்கு ஆறுதல் சொல்வது என்றே தெரியவில்லை.

பிறகு டாக்டர் மேற்கொண்டு என்ன செய்யலாம் என்று சொன்னார். தானாக வெளியேறும்வரை பொறுக்கலாம், மாத்திரை கொடுத்து வெளியேற்றலாம், இல்லை சுத்தம் செய்துவிடலாம். மூன்றிலும் நல்லது கெட்டது என்னென்ன என்று விளக்கினார். மேரி யோசிக்கவில்லை. "சுத்தம் பண்ணிடுங்க டாக்டர். காத்திருக்கறது மட்டும் வேணாம்." மறுநாள் காலை வெறும் வயிற்றோடு வரச் சொன்னார்.

திரும்பும் பஸ் ஆலப்பாக்கம் நெருங்கும்போது மேரி எழுந்து கண்டக்டரிடம் நிறுத்தச் சொன்னாள். ரோட்டோரம் வயலில் ஐந்தாறு பேர் கயிறு கட்டிக் கம்பம் நிமிர்த்திக்கொண்டிருந்தார்கள். சிங்காரம் என்கிற லைன்மேன் அவளைப் பார்த்துவிட்டு மேலே கத்தினார். "அருளு! வூட்லேர்ந்து வந்திருக்காங்க, எறங்கு!"

அருள் அடுத்த கம்பத்தின் உச்சியில் இருந்தான். அங்கிருந்தே அவளைப் பார்த்தான். அவள் இங்கே நிற்கிறாள் என்பதே அவனுக்குச் செய்தியைச் சொல்லிவிட்டது போலிருந்தது. அவசரமில்லாமல், ஒவ்வொரு காலாக இறங்கினான். சேற்று வரப்பில் நடந்து வந்து அவள் முன்னால் நின்று கையுறையைக் கழற்றினான்.

"சிதம்பரம் போயிட்டு வரோம் மாமா. துடிப்பு இல்லன்னுட்டாங்க. முன்னாடியே நின்னுடுச்சாம்."

அவன் கையுறையை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினான்.

"உனக்கு வலிக்குதா?"

"இல்ல."

"ரத்தம் படறதுக்கு முந்தின ஞாயித்துக்கெழம உன்ன பைக்ல தேவனாம்பட்டினம் கல்யாணத்துக்குக் கூட்டினு போனேன்ல? அந்தப் பள்ளத்துல வண்டி எறங்கிச்சே. நான் அதையேதான் நெனச்சிக்கினு இருந்தேன் மேரி. கம்பத்து மேல இருந்தாலும் அதான் நெனப்பு."

"அதுவும் இல்லையாம்."

"உன்னாண்ட சொல்லல. சொன்னா நீயும் அதையே நெனப்பன்னு."

மூன்று பேரும் ஒரே வீட்டில் ஆளுக்கொன்றை மென்றுகொண்டிருந்திருக்கிறோம் என்று மேரிக்குத் தோன்றியது. அவன் கையைப் பிடித்தாள். உள்ளங்கை முழுக்கக் கொப்புளம். சிங்காரம் மற்றவர்களை அந்தப் பக்கம் கூட்டிக்கொண்டு போனார். பஸ் போய்விட்டிருந்தது. அடுத்த பஸ் வரும்வரை மூவரும் சாய்ந்து கிடந்த ஒரு கம்பத்தின்மேல் உட்கார்ந்திருந்தார்கள்.

மறுநாள் அருளும் கூடவே வந்தான். சுத்தம் செய்தது சீக்கிரம் முடிந்துவிட்டது. மயக்கம் தெளிந்தபோது வாய் கசந்தது, இடுப்பு வலித்தது. ரத்தம் ஒரு வாரத்துக்கு மேல் பட்டு நின்றது. நின்ற அன்றைக்கு அவள் நிம்மதியாவாள் என்று நினைத்திருந்தாள். மாறாக அன்றைக்குத்தான் அதிகமாக அழுதாள். குளியலறைக்குப் போய் வெள்ளைத் துணியைப் பார்த்தபோது, இனிப் பார்க்க ஒன்றும் இல்லை என்று இருந்தது.

இருட்டும் கொசுவுமாகவே பொங்கல் போயிற்று. கூரைக்குப் புது ஓடு போட்டு மாடிக்குத் திரும்பினார்கள். ஒரு மத்தியானம் மின்விசிறி தானாகச் சுற்ற ஆரம்பித்தது. தெரு முழுக்கக் கூச்சல், விசில். மேரி எழுந்துபோய் எல்லா ஸ்விட்சையும் அணைத்துப் போட்டு அணைத்துப் போட்டுப் பார்த்தாள். கரண்ட் வந்துவிட்டது என்று அருளுக்குப் போன் செய்தாள். "தெரியும்டி, நாங்கதான் குடுத்தோம்" என்றான். அவள் சிரித்தாள். சிரித்துவிட்டோமே என்று ஒரு கணம் நின்றாள்.

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை, பல வாரத்துக்குப் பிறகு, மாமியாரும் மருமகளும் மாதா கோயிலுக்குப் போனார்கள். பூசை முடிந்து வெளியே வரும்போது அந்தக் கோயில் பங்கில் தெரிந்த ஓர் அம்மாள் மேரியின் கன்னத்தைத் தடவிக் கொடுத்தாள்.

"கேள்விப்பட்டேன்மா. அடுத்த தபாவாச்சும் ஜாக்கிரதையா இரு. ஓடி ஆடுற வேலை நமக்கு எதுக்கு? லீவு போட்டுட்டு..."

மேரி வாயைத் திறப்பதற்குள் சவரியம்மாள் முன்னால் வந்தாள்.

"ஓடுனதால ஒண்ணும் இல்ல. தெரியாம பேசாதீங்க."

"இல்ல சவரி, நான் நல்லதுக்குத்தான்..."

"நல்லதுக்குன்னுதான் எல்லாரும் சொல்றது. என்னாண்டயும் அப்படித்தான் சொன்னாங்க. நான் கூட இருந்து பாத்தேன், டாக்டர் அளந்து காட்டுனாங்க. அது ஆண்டவர் வெச்சது. இவ மேலயும் குத்தமில்ல, யார் மேலயும் குத்தமில்ல." குரல் ஏறிக்கொண்டே போனது. சுற்றி நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். சவரியம்மாள் அதைப் பொருட்படுத்தவில்லை. "ஓடட்டும். அவ ஓடட்டும்."

அந்த அம்மாள் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு நகர்ந்துவிட்டாள். சவரியம்மாளுக்கு மூச்சு வாங்கியது. மேரி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நாளைக்கு ஸ்கூலுக்குப் போறேன் அத்தை. டாக்டர் போகலாம்னுட்டாங்க."

"போ."

"மைதானத்துல ரெண்டு மரம் வுழுந்து இன்னும் அப்பிடியே கெடக்குதாம். பிள்ளைங்கதான் இழுத்துப் போட்டுக்கினு இருக்குதுங்களாம்."

"போய்ப் பாரு. சாப்பாடு கட்டித் தரேன்."

இருவரும் ரோட்டுக்கு வந்தார்கள். கொஞ்ச தூரத்துக்குள் மேரி பத்தடி முன்னால் போயிருந்தாள். திரும்பிப் பார்த்து நின்றாள். சவரியம்மாள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, மெதுவாக வந்துகொண்டிருந்தாள்.